சீட்டில்லாமல் ரப்பர் கிடையாது

யாராவது பேனா இரவல் கேட்டால் நல்லசிவம் மூடியைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டுதான் பேனாவைக் கொடுப்பார். ஒருநாள் இருநாள் பழக்கம் இல்லை இது. திருமணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட லீலாவதி பேனா கேட்டபோதும் அப்படித்தான் கொடுத்தார். கட்டப்போகிறவளையே நம்பவில்லையா இவர் என்று அவள் அன்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டாள். பதினாறு வருஷம் கழித்தும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், இப்போது வாய்விட்டு. வங்கியிலும் தபால் நிலையத்திலும் ரயில் முன்பதிவு வரிசையிலும் தில்லிக்காரர்கள் எத்தனையோ பேர் அவருடைய பேனாவால் படிவம் நிரப்பியிருக்கிறார்கள். அவர்கள் எழுதி முடிக்கும்வரை அவர் மூடியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தகப்பனைப் போல வாசலைப் பார்த்தபடி நிற்பார். மூடியில்லாத பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது என்பது அவருடைய சித்தாந்தம். தவறு என்றும் சொல்ல முடியாது. அவர் பேனா ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

அந்தச் சித்தாந்தத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவருடைய வேலைதான். 1988 முதல் 2003 வரை ஒரு தென்னமெரிக்க நாட்டின் தூதரகத்தில் எழுதுபொருள் அறைக்கு அவர்தான் பொறுப்பு. பென்சில், காகிதம், கோப்பு, குண்டூசி, மை, நாடா எல்லாம் அவர் சாவிக்குள். அறையின் கதவில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டியிருக்கும். வேண்டியவர்கள் வேண்டியதை ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த ஜன்னல் வழியாக நீட்டவேண்டும். நல்லசிவம் படித்து, பொருளை எடுத்துக் கொடுத்து, ‘எந்த்ரெகாதோ’ என்று முத்திரை குத்துவார். வழங்கப்பட்டது என்று அர்த்தம். சீட்டெல்லாம் ஸ்பானிய மொழியில்தான் வரும். முதல் மாதம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு திண்டாடினார். ஒரு வருஷத்தில் அகராதி தேவைப்படவில்லை. மூன்றாம் வருஷத்தில் எந்தச் செயலாளரின் கிறுக்கலும் அவருக்கு அச்செழுத்து மாதிரி. பதில் சீட்டும் அவரே ஸ்பானிய மொழியில் எழுதுவார், அழகான கையெழுத்தில்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை, அவரும்தான். அதிகாரிகள் அவரிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். டிரைவரும் சமையற்காரரும் இந்தியில் பேசினார்கள். ஸ்பானிய மொழியில் அவரிடம் பேசியவை காகிதங்கள் மட்டும்தான். பதினைந்து வருஷத்தில் அந்த மொழி அவருடைய கண்ணுக்குள் போய்க் குடியேறியது. காதுப்பக்கம் அதற்கு யாரும் வழி காட்டவில்லை.

2003-இல் சிக்கனம் என்று சொல்லித் தூதரகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். எழுதுபொருள் அறைக்கு இனி ஒரு அலமாரியே போதும் என்றார்கள். நல்லசிவம் சாவியை எண்ணிக் கொடுத்துவிட்டு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து உட்கார்ந்தார். குவார்ட்டர்ஸ் லீலாவதியின் பேரில் இருந்தது. அமைச்சகம் ஒன்றில் அவள் மேல்நிலை எழுத்தர். சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காலை எட்டரைக்கு அவள் டிபன் டப்பாவோடு கிளம்பும்போது கதவைச் சாத்த எழுந்துவருகிறவராக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சுவரில் அவருடைய பி.காம். பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அம்பாசமுத்திரத்து உறவில் முதல் பட்டம் அது. தபாலில் படித்து வாங்கியது. கல்லூரி வாசலைப் பரீட்சை எழுதத்தான் மிதித்திருக்கிறார். அந்தப் பட்டத்தையும் யாரோ ஒரு ஜன்னல் வழியாகத் தன்னிடம் நீட்டியதாகவே அவருக்கு அவ்வப்போது தோன்றும்.

அப்போதுதான் துவாரகாவில் ஒரு புதிய தனியார் பள்ளிக்கு ஸ்பானிய ஆசை வந்தது. பக்கத்துப் பள்ளிகள் பிரெஞ்சையும் ஜெர்மனையும் எடுத்துக்கொண்டுவிட்டதால், வேறு ஏதாவது செய்து காட்டவேண்டும் என்று நிர்வாகம் துடித்தது. துடிப்பு இருந்ததே தவிர ஆள் இல்லை. யாரோ சொல்லி நல்லசிவத்தை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். பிரின்சிபால் மேடம் பஞ்சாபிக்காரர், கம்பீரமான அம்மாள். ஸ்பானிய மொழியில் ஏதாவது சொல்லுங்கள் கேட்போம் என்றார். நல்லசிவத்துக்கு வாயில் வந்தது ஒன்றுதான். இரண்டு டஜன் கறுப்புப் பென்சிலும் ஒரு பெட்டி ஸ்டேப்ளர் முள்ளும் அன்புகூர்ந்து வழங்கவும், பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புதல் அளிக்கவும் என்பதை ஏற்ற இறக்கத்தோடு ஸ்பானிய மொழியில் சொன்னார். மேடம் கண்ணை மூடிக் கேட்டார். எவ்வளவு இனிமையான மொழி என்றார். பத்து மாதத் தற்காலிக நியமனம் கையில் கிடைத்தது.

ஆசிரியர் அறையில் ஒரு பெரிய கால அட்டவணை ஒட்டியிருந்தது. நிரந்தர ஆசிரியர்களின் பெயர் மையில், தற்காலிகமானவர்களின் பெயர் பென்சிலில். நல்லசிவத்தின் பெயரைப் பென்சிலில் எழுதினார்கள். அதை அழிக்க எந்த ரப்பருக்கு எத்தனை தேய்ப்பு ஆகும் என்பதை அந்தப் பள்ளியில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பாடப்புத்தகத்தில் பதினான்கு பாடங்கள் இருந்தன. முதல் பாடம் வணக்கம் சொல்வது. அதை இரண்டு வாரத்தில் தாண்டினார். இரண்டாம் பாடம் பள்ளிப் பொருட்கள். லாபிஸ் என்றால் பென்சில், ரெக்லா என்றால் அளவுகோல், திஹேராஸ் என்றால் கத்தரிக்கோல், குவாதெர்னோ என்றால் நோட்டுப்புத்தகம். புத்தகத்தைத் திறந்த நல்லசிவத்துக்குச் சொந்த ஊர் ரயிலடியில் இறங்கியது போல இருந்தது. ஆகஸ்டில் இறங்கினார். டிசம்பர் வந்தும் அந்த ஊரைவிட்டு நகரவில்லை.

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடக்கூடாது. நல்லசிவம் அந்த ஒரு பாடத்துக்கு உழைத்த உழைப்பைப் பதினான்கு பாடத்துக்கும் சேர்த்து வேறு யாரும் உழைத்திருக்கமாட்டார்கள். சரோஜினி நகர் கடைகளில் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கி, தௌலா குவானில் மாறி, துவாரகாவரை சுமந்தார். ஆறாம் வகுப்பின் மூலையில் அவற்றை அடுக்கி ஒரு கதவு செய்து, கதவில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டினார். மேலே ஒரு பலகை: ‘சின் வாலே நோ செ எந்த்ரேகா.’ சீட்டில்லாமல் எதுவும் வழங்கப்படமாட்டாது. தூதரகத்தில் அவர் தலைக்குமேல் பதினைந்து வருஷம் தொங்கிய அதே வாசகம்.

பிள்ளைகள் தங்கள் பென்சில், ரப்பர், பசை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் காலையில் அந்த ஸ்டோரில் ஒப்படைக்கவேண்டும். பிறகு எது வேண்டுமானாலும் ஸ்பானிய மொழியில் சீட்டு எழுதி ஜன்னலில் நீட்டவேண்டும். கேட்ட பொருள் கிடைக்கும், முத்திரை விழும். சீட்டில் பிழை இருந்தால் சீட்டுத்தான் திரும்பி வரும். சொந்த ரப்பரைத் திரும்ப வாங்க ஒருவன் மூன்று சீட்டு எழுதினான். மூன்றாவது சீட்டில் அவனுக்கு அந்தச் சொல் ஆயுசுக்கும் மறக்காதபடி பதிந்துவிட்டது.

லீலாவதியின் காய்கறிப் பை ஒன்று இந்த முயற்சியில் பலியானது. அதற்குள் பத்துப் பொருளைப் போட்டு, பார்க்காமல் கைவிட்டுத் தடவி, பெயர் சொல்லவேண்டும். சொன்னால் வெளியே எடுக்கலாம். சனிக்கிழமை இருப்புச் சோதனை. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் பையைத் திறந்து, உள்ளே இருப்பதை எண்ணிப் பட்டியல் எழுதவேண்டும். முதல் சனிக்கிழமையே காணாமல்போயிருந்த ஏழு ரப்பரும் நான்கு பென்சில் சீவியும் பிறர் பைகளிலிருந்து கிளம்பி வந்தன. ஒருவன் பையில் சமோசாத் துண்டு ஒன்றும் இருந்தது. அதற்கு ஸ்பானிய மொழியில் என்ன என்று கேட்டார்கள். அது பட்டியலில் சேராத பொருள் என்று நல்லசிவம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்படியே எண்களும் வந்துவிட்டன, எத்தனை பென்சில் என்று. நிறங்களும் வந்துவிட்டன, என்ன நிறப் பென்சில் என்று. சீட்டில் தேதி போடவேண்டுமே, கிழமையும் மாதமும் வந்துவிட்டன. குடும்பப் பாடத்தையும் ஸ்டோருக்குள் இழுத்தார்: என் தாயாருக்கு ஒரு கத்தரிக்கோல், என் மாமாவுக்கு இரண்டு உறை. ‘அகோத்தாதோ’ என்ற சொல்தான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. இருப்பு இல்லை என்று பொருள். கணக்கு டீச்சர் வீட்டுப்பாடம் கேட்டபோது வகுப்பே ஒரே குரலில் அகோத்தாதோ என்றது. அவர் ஆசிரியர் அறைக்கு வந்து, உங்கள் பாடம் நன்றாகப் பரவுகிறது என்று நல்லசிவத்திடம் சொன்னார். பாராட்டா புகாரா என்று தெரியாமல் நல்லசிவம் நன்றி சொன்னார்.

ஸ்டோரின் முத்திரை டெல்பின் என்ற பெண்ணிடம் இருந்தது. பதினொரு வயது, இரட்டைப் பின்னல், காற்புள்ளி விட்டாலும் கண்டுபிடித்துச் சீட்டைத் திருப்பித் தள்ளுகிற கண். அம்மா தூத்துக்குடிக்காரர், தில்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அப்பா இல்லை. அந்த வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நல்லசிவமும் அவளும்தான். அவளுக்கும் பேசத்தான் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவளுடைய அம்மா, சீருடை மாற்றாமலே வந்து, நல்லசிவத்தின் எதிரில் உட்கார்ந்தார்.

“பாடமெல்லாம் நல்லா சொல்லிக் குடுக்குறீங்க சார். ஆனா வீட்டுல நான் ஒரு செல்லோ டேப் எடுக்கணும்னாகூட இவகிட்ட சீட்டு எழுதிக் குடுக்க வேண்டியிருக்கு. நேத்து என் சீட்டுல தேதி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டா.”

விதி விதிதானே என்று நல்லசிவம் சொன்னார். உள்ளூர அவருக்குச் சிறகு முளைத்தது.

இத்தனைக்கும் நடுவில் வெளிச்சத்துக்கு வராத ஒரு சங்கதி இருந்தது. பாடப்புத்தகத்தோடு ஒரு காசெட் வந்திருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பேர் பேசுவார்கள். செப்டம்பரில் அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் நல்லசிவத்துக்கு விஷயம் தெரிந்தது. புத்தகத்தில் அதே உரையாடலைப் படித்தால் ஒரு சொல் விடாமல் புரிந்தது. காசெட்டில் கேட்டால் தகரக் கூரைமேல் மழை பெய்வது போலிருந்தது. என்ன சொல்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். டேப் ரெக்கார்டரில் கோளாறு என்றார். அடுத்த வாரமும் கோளாறு. அக்டோபரிலும் கோளாறு.

வீட்டில் கோளாறு சொல்ல முடியவில்லை. அவர் இரவல் வாங்கிவந்த வேறொரு காசெட்டில் ஒருவன் ரயில் நிலையத்தில் ஏதோ கேட்டான், ஒருத்தி பதில் சொன்னாள். பத்தாவது தடவையாக அதைக் கேட்டுக்கொண்டே லீலாவதி கீரை ஆய்ந்தாள்.

“பதினஞ்சு வருஷம் அங்கன குப்பை கொட்டியிருக்கீங்க. ரயிலு எத்தனை மணிக்குன்னு கூடவா வெளங்கலை?”

“ரயிலுக்கு நான் எதுக்குப் போறேன். ஸ்டோருக்குள்ள வந்து கேக்கச் சொல்லு, பாப்போம்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தனக்கு ஸ்பானிய மொழி தெரியுமா தெரியாதா என்ற கேள்வி அன்றிலிருந்து அவரோடு பஸ்ஸில் ஏறியது. தெரியும் என்றால் ஏன் காதில் ஏறவில்லை? தெரியாது என்றால் அந்தப் பதினைந்து வருஷம் அவர் படித்தது என்ன? நிற்க இடமில்லாத பஸ்ஸில்கூட அந்தக் கேள்விக்கு இடம் இருந்தது.

ஜனவரி முதல் வாரம், குளிர்கால விடுமுறைக்கு முன், பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை, ஸ்பானிய மொழி கற்பிக்கும் ஒரு நிலையத்திலிருந்து ஸ்பெயின்காரப் பெண்மணி ஒருவர் வந்து வகுப்பைப் பார்ப்பார். அவர் சரி என்றால் நல்லசிவத்தின் பெயர் அட்டவணையில் மையில் ஏறும். இல்லையென்றால் ஏப்ரலோடு நன்றி. அம்பாசமுத்திரத்து உறவினர் எல்லோரிடமும் லீலாவதி அவர் வாத்தியார் ஆகிவிட்டார் என்று தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தாள். திரும்பவும் கதவைச் சாத்துகிற ஆளாக ஆக நல்லசிவம் தயாராக இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மூடுபனி வகுப்புக்குள்ளேயும் வந்து உட்கார்ந்திருந்த ஒரு காலை. டெல்பின் ஸ்டோர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, பிறருக்குப் புரியாதபடி தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

“சார், டேப் ரெக்கார்டர் நல்லாத்தான் இருக்கு. நான் போட்டுப் பார்த்தேன்.” ஜன்னலில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். “ஸ்பானிஷ்காரங்க யாராச்சும் நேர்ல பேசினா உங்களுக்கு சமஜ் ஆகுமா?”

அவருக்குப் புரியுமா என்று கேலியாகக் கேட்கவில்லை அவள். சீட்டில் தேதி இருக்கிறதா என்று பார்க்கிற அதே முகத்தோடுதான் கேட்டாள். மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்றுதான் தமிழுக்கு வந்தாள். அந்த நாகரிகத்தை நல்லசிவம் அன்றைக்குக் கவனிக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவனின் கோபம் அவருக்கு வந்துவிட்டது. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில், பொருட்களைத் தொடாதே என்று எத்தனை முறை சொல்வது என்று சத்தம் போட்டார். முத்திரையைப் பிடுங்கி முன்வரிசையில் ஒருவனிடம் கொடுத்தார். பாடவேளை முடியும்வரை அவளை வராந்தாவில் நிற்கச் சொன்னார். அவள் ஸ்வெட்டர் கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் வந்து, எல்லோரையும் போல வரிசையில் நின்று, ஒரு லாபிஸுக்குச் சீட்டு நீட்டினாள். தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன.

அவளை வராந்தாவில் நிறுத்திய அன்றே வீட்டில் நல்லசிவம் நடந்ததைச் சொன்னார். பொருளைத் தொட்டதற்காகத்தான் தண்டித்தேன் என்று சொல்லிப் பார்த்தார். லீலாவதி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் போய் ரயில் நிலையக் காசெட்டைப் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். பச்சைப் பருத்தி குர்தாவும் கோலாப்பூர் செருப்பும் போட்டு, தில்லியில் பிறந்தவர் மாதிரியே உள்ளே வந்தார். பிரின்சிபால் மேடம் பின்னால் வந்து கடைசி பெஞ்சில் இடம் பிடித்தார். நல்லசிவம் ஒத்திகை பார்த்திருந்த ஸ்பானிய வரவேற்பைச் சொன்னார். அவர் ஏதோ சுருக்கமாகப் பதில் சொன்னார். நல்லசிவம் தலையை ஆட்டிவிட்டு, அவர் வேறு எதுவும் சொல்வதற்குள், பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

பாடம் தேர்போல நகர்ந்தது. காய்கறிப் பைக்குள் கைவிட்ட பிள்ளைகள் ஒருவர்கூடத் தவறவில்லை. பென்சில் சீவியைத் தடவிய ஒருத்தி அதன் பெயரோடு நிறத்தையும் சேர்த்துச் சொன்னாள். நிறம் தடவினால் எப்படித் தெரியும் என்று அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது அவளுடைய சொந்தப் பென்சில் சீவி. ஸ்டோர் ஜன்னலில் வரிசை நின்றது. அன்புகூர்ந்து வழங்கவும், அன்புகூர்ந்து வழங்கவும் என்று ஸ்பானிய மொழியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் அரசாங்க அலுவலகம் போலப் பேசினார்கள். வந்தவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். பசை அகோத்தாதோ என்று சொல்லி ஸ்டோர்க்காரப் பையன் வரிசையில் நின்ற ஒருவனைத் திருப்பி அனுப்பியபோது கைதட்டினார்.

கைதட்டியவர் எழுந்து நேரே நல்லசிவத்திடம் வந்து பேச ஆரம்பித்தார். ஸ்பானிய மொழியில், முகமெல்லாம் மலர, நீளமாக. தகரக் கூரைமேல் மழை. அந்த மழையில் லாபிஸ் என்ற ஒரே ஒரு துளி மட்டும் நல்லசிவத்தின் காதில் விழுந்தது. பேசி முடித்து அவர் பதிலுக்குக் காத்திருந்தார். கடைசி பெஞ்சிலிருந்து மேடம் சிரித்தபடி பார்த்தார். நல்லசிவம் புன்னகை செய்தார். புன்னகை போதவில்லை. வந்தவர் கேள்வியை இன்னொரு முறை கேட்டார், கொஞ்சம் மெதுவாக. அதுவும் மழைதான். வரிசையில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பென்சிலில் எழுதிய பெயரின்மேல் ஒரு ரப்பர் வந்து உட்கார்ந்துவிட்டதாக நல்லசிவத்துக்குத் தோன்றியது.

வரிசையில் ஆறாவதாக நின்ற டெல்பின் வரிசையைவிட்டு வெளியே வந்தாள். ஸ்டோர் ஓரத்தில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டையும் ஒரு பென்சிலையும் எடுத்தாள். அந்த ஸ்பெயின்கார அம்மாளின் முன்னால் போய் நின்று, இரண்டையும் நீட்டி, பலகையைக் காட்டி, மரியாதையாகவும் கறாராகவும் சொன்னாள்:

“சின் வாலே நோ செ எந்த்ரேகா.”

அந்த அம்மாள் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். மன்னிப்புக் கேட்பவர் போல இரு கையையும் தூக்கிவிட்டு, ஆறாம் வகுப்பு பெஞ்சில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்து, எழுத ஆரம்பித்தார். திரும்பி வரிசைக்குப் போகிற வழியில் டெல்பின் நல்லசிவத்தைத் தாண்டும்போது, அவர் பக்கம் பார்க்காமலே, தமிழில் சொன்னாள்.

“எழுதினா உங்களுக்குப் புரியும்ல சார்.”

புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது, எங்காவது ஸ்டோரில் வேலை பார்த்திருக்கிறீர்களா, வெறும் ஒரு பென்சிலை வைத்து இவ்வளவு செய்கிறீர்களே, அடுத்த வருஷம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். நல்லசிவம் நின்றபடியே பதில் எழுதினார். பதினைந்து வருஷம் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன், அங்கே பொருள் வாங்க வந்தவர்கள்தான் எனக்கு இந்த மொழியைக் கொடுத்தார்கள், அடுத்த வருஷம் ஜன்னலுக்கு வெளியே வர முயல்வேன் என்று அழகான கையெழுத்தில் எழுதினார். முன்வரிசைப் பையன் எழுந்து வந்து அதன்மேல் முத்திரை குத்தினான்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. மேடம் அதை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார். இந்த ஆசிரியர் வகுப்பில் தான் வகுத்த விதியை விருந்தாளிக்காகக்கூடத் தளர்த்துவதில்லை, மாணவர்களும் அதில் உறுதியாக இருக்கிறார்கள், பார்வையாளரையே பாடத்துக்குள் இழுத்துக்கொண்டது தான் இதுவரை பார்க்காத உத்தி என்று எழுதியிருந்தது. கணக்கு டீச்சர் கைதட்டினார். நல்லசிவத்தின் பெயர் மையில் ஏறியது. அம்பாசமுத்திரத்துக்குத் தொலைபேசி போயிற்று.

டெல்பினிடம் சொல்லவேண்டும் என்று அவர் அன்றே முடிவுசெய்தார். என்ன சொல்லவேண்டும் என்பதிலும் குழப்பம் இல்லை. நீ கேட்டது சரியான கேள்வி. எனக்குப் புரியாது என்பதுதான் பதில். உன்னை வராந்தாவில் நிறுத்தியது தப்பு. அன்று நீதான் என்னைக் காப்பாற்றினாய். நான்கு வாக்கியம். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தபோது துவாரகா வருவதற்குள் இருபது தடவை சொல்ல முடிந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியமே இருப்பில் இல்லை.

முத்திரையை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அதையே பதிலாக எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஆசிரியர்கள் இந்த மாதிரி அடிக்கடி நினைத்துக்கொள்கிறார்கள். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வழக்கம்போலச் சீட்டுகளைத் திருப்பித் தள்ளினாள். அவர் முகத்தைப் பார்த்து எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. எதிர்பார்த்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் பரீட்சையில் போயிற்று. தேர்ச்சி அட்டை வாங்கும் நாளில் டெல்பினின் அம்மா மாற்றுச் சான்றிதழும் கேட்டு வந்தார். குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது, மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நல்லசிவம் வராந்தாவில் நின்று அவரிடம் நிறையப் பேசினார். குவைத் வெயிலைப் பற்றி, அங்கே உள்ள பள்ளிகளைப் பற்றி, விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதைப் பற்றி. டெல்பின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜனவரியில் அவள் நின்ற அதே வராந்தா. கடைசியில் அவள் பக்கம் திரும்பி, நல்லா படிம்மா என்றார். சரி சார் என்றாள்.

“சொல்லியாச்சா?” என்று லீலாவதி சாயங்காலம் கேட்டாள்.

“சொல்லத்தான் போனேன். அவங்க அம்மா நின்னுக்கிட்டிருந்தாவ.”

“அம்மாவுக்கும் சேத்துச் சொல்லியிருக்கலாம்லா.”

அந்த ஜூலையில் அவர் ஸ்பானிய மொழி நிலையத்தின் மாலை வகுப்பில் சேர்ந்தார். இருபது வயதுக்காரர்களுக்கு நடுவில் நாற்பத்து மூன்று வயதில், காதில் ஹெட்ஃபோனோடு. எழுத்துப் பரீட்சையில் முதல் மதிப்பெண், கேட்டறியும் பரீட்சையில் கடைசி. இரண்டு வருஷம் ஆயிற்று, மழை கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்களாகப் பிரிய. ரயில் ஏழே காலுக்கு என்று ஒருநாள் திடீரென்று புரிந்தது. லீலாவதியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். நல்லவேளை, இனிமேல் அவன் ரயிலைத் தவறவிடமாட்டான் என்றாள்.

பள்ளியிலும் ஒரு மாற்றம். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் வகுப்பில் அவர் சொல்லிவிடுவார்: எழுதினால் எனக்கு நன்றாகப் புரியும், பேசினால் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன், காசெட்டை நாம் சேர்ந்தே கேட்போம். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முத்திரை யாரிடம் இருக்கும் என்பதுதான் அவர்கள் கவலை. இவ்வளவு லேசான விஷயத்துக்காகவா ஒரு பெண்ணைக் குளிரில் நிறுத்தினோம் என்று அவர்தான் ஒவ்வொரு வருஷமும் தடுமாறுவார்.

2007-இல், டெல்பினின் அம்மாவோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருவரைத் தேடிப்பிடித்து, டெல்பினின் மின்னஞ்சல் முகவரியை வாங்கினார். ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து முதலில் தமிழில் எழுத நினைத்தார். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். விடுப்பு விண்ணப்பம் போல வந்தது. ஸ்பானிய மொழியில் எழுதிப் பார்த்தார். மேற்படி மன்னிப்பை அன்புகூர்ந்து வழங்கவும், பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புதல் அளிக்கவும் என்று வந்து நின்றது. அரை மணி நேரம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வருஷமும் இரண்டு முறை போய் உட்கார்ந்தார். இந்த வருஷம் அவள் பத்தாம் வகுப்பு முடித்திருப்பாள். கேட்டது ஒரே ஒரு கேள்வி. புரியாது என்று ஒரு சொல் எழுதினால் போதும், எந்த மொழியில் எழுதினாலும் அவள் புரிந்துகொள்வாள் என்பது நல்லசிவத்துக்குத் தெரியும். எழுதவில்லை.